உதவித்தொகையும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பும்
ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

1913ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானத்தில் ஓர் இளைஞர் ஒப்பந்தப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டார். அமெரிக்கா சென்று படிப்பதற்கு மூன்று ஆண்டுகள், மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் சமஸ்தானம் உதவித்தொகை வழங்கும். படித்துத் திரும்பியபின் அவர் பத்து ஆண்டுகள் சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். அவ்விளைஞரே அண்ணல் டாக்டர் அம்பேத்கர் அவர்கள். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்ற காலத்திலும் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த மாதம் 25 ரூபாய்தான் அவர் படிப்புக்கு ஊன்றுகோலாக நின்றது. உதவித்தொகை இல்லையேல் அப்பெருமகனாரின் கல்வி எங்கே நின்றிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1917இல் அண்ணல் அவர்கள் தம் கடமையை நிறைவேற்றப் பரோடா திரும்பினார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று வந்த அவருக்கு அந்நகரில் குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகள் விடுதி ஒன்றில் தம் சாதியை வெளியிடாது தங்கினார். சில நாள்களில் தடி ஏந்திய கூட்டம் ஒன்று வந்து அவரை வெளியேற்றியது. அலுவலகத்திலும் தீண்டாமை அவரைத் தொடர்ந்தது. பணியைத் துறந்து பம்பாய்க்குத் திரும்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

இந்நிகழ்ச்சி நாம் ஆராயப் புகும் பொருளுக்கு நல்லதொரு வாயில். ஒப்பந்தத்தில் மாணவரின் கடமை எழுதப்பட்டிருந்தது. அம்மாணவரை மனிதராக நடத்துதல் என்னும் மறுதரப்பின் கடமை எழுதப்படவில்லை. உதவியின் ஆற்றலையும் அதன் குறைபாட்டையும் இந்த ஒரு வாழ்க்கையிலேயே நாம் காண்கிறோம்.

கடந்த முப்பது ஆண்டுகளாக உலகின் பல நாடுகள், பிள்ளையைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்பினால் ஏழைக் குடும்பத்துக்கு மாதந்தோறும் பணம் என்னும் திட்டத்தைச் செயல்படுத்தி வந்துள்ளன. அத்திட்டங்களால் பிள்ளைகள் பெற்றது யாது, பெறாதது யாது என்பதை வரலாற்று முறையில் எடுத்துரைத்து, நம் சங்கத்தின் வெள்ளிவிழா வேளையில் நம் இளைஞர்கள் அதிலிருந்து கொள்ளத்தக்க படிப்பினையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிள்ளையின் கூலி

ஏழை மக்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமைக்குக் காரணம் அவர்களுக்குக் கல்வியின் அருமை தெரியாமையே என்று கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். சேரிகளில் வாழ்ந்தவர்க்கு இக்கூற்றின் பொய்ம்மை நன்கு தெரியும். நடவுக்குச் செல்லும் தாய் தன் கைக்குழந்தையை எவரிடம் விட்டுச் செல்வாள்? பத்து வயது மூத்த மகளிடந்தான். ஆடு மாடு மேய்க்கும் பையன் கொண்டுவரும் தானியமும், செங்கற் சூளையிலும் தீப்பெட்டிக் கட்டிலும் சிறுவர்கள் ஈட்டும் சில காசுகளும் அவ்வீட்டின் அடுப்பெரியக் காரணமாயின. பள்ளியில் சம்பளம் வாங்கவில்லை என்பதனால் கல்வி இலவசமாகிவிடாது. பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரத்திற்குரிய கூலியை அக்குடும்பம் இழக்கிறது. நோட்டுப் புத்தகம், உடை, செருப்பு, பேருந்துக் கட்டணம் ஆகியன அதன்மேல் ஏறும் சுமைகள்.

வகுப்பு உயர உயர இவ்விழப்பும் உயரும். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கூலி கொடுப்பார் அரியர். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வேலை கொடுக்கப் பலர் காத்திருப்பர். ஆரம்பப் பள்ளியில் நிறைந்திருந்த நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் மறைந்துபோனமைக்கு இதுவே முதன்மையான காரணம். பெண் பிள்ளைகள் பருவமெய்தியதும் நிறுத்தப்பட்டதும், உயர்நிலைப் பள்ளி வெகுதொலைவில் இருந்ததும் இதனோடு சேர்ந்து கொண்டன.

இந்த உண்மையைத் தமிழகம் முன்னரே ஓரளவு உணர்ந்திருந்தது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. அப்பள்ளியில் பயின்றோர் ஏழைகள் என்பதும், வறுமையால் வருகை குன்றியது என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். பின்னர் மேலும் சில பள்ளிகளுக்கும் விரிந்த அவ்வேற்பாடு, ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்ய அன்றைய அரசு இசையாமையால் 1925இல் நின்றது. பெருந்தலைவர் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் எங்கும் கொண்டு சென்றார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 1982இல் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பள்ளிக்கு வரும் பிள்ளைக்குச் சோறு என்பதும், ஆழ்ந்து நோக்கின், நிபந்தனையோடு கூடிய ஓர் உதவியே. வந்தால் தட்டில் சோறு விழும், வராவிடில் விழாது.

ஆயினும் சோறு பிள்ளையின் பசியைத்தான் ஆற்றும். வீடு இழக்கும் கூலியை ஈடு செய்யாது. அந்த ஈட்டையே ஒரு நாட்டின் கொள்கையாகப் பெருமளவில் வகுத்துக் காட்டியது மெக்சிகோ. ஆதலின் அந்நாட்டின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

மெக்சிகோவில் தோன்றிய திட்டம்

1994 டிசம்பரில் மெக்சிகோ நாட்டின் நாணயமாகிய பெசோவின் மதிப்பு சரிந்தது. அடுத்த ஆண்டில் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு வீழ்ந்தது. அதுகாறும் அரசு ஏழைகளுக்கெனச் செய்துவந்த செலவில் பெரும்பகுதி, மக்காச்சோள ரொட்டி, பால் ஆகியவற்றைக் குறைந்த விலையில் விற்பதற்கே சென்றது. அம்மலிவு விலைப் பண்டங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே கிடைத்தன. மலையிடுக்குகளில் சிதறிக் கிடந்த சிற்றூர் மக்களை, குறிப்பாகத் தம் தாய்மொழியாலும் குலத்தாலும் காலங்காலமாக ஒதுக்கப்பட்ட பழங்குடி மக்களை, அவ்வுதவி எட்டவில்லை.

அப்போது எர்னஸ்டோ செடில்லோ குடியரசுத் தலைவராக இருந்தார். நிதித்துறையில் உயர் பொறுப்பு வகித்த பொருளியல் அறிஞர் சான்டியாகோ லெவியும், மக்கள்தொகை ஆய்வறிஞர் ஹோசே கோமஸ் தெ லெயோனும் புதியதொரு வழியை வகுத்தனர். பண்டத்தின் விலையைக் குறைப்பதற்கு மாறாக, ஏழைக் குடும்பத்தின் கையில் நேரே பணத்தைக் கொடுப்பது. அப்பணத்தைப் பிள்ளைகளின் கல்வியோடும் உடல்நலத்தோடும் பிணைப்பது என்பதே அவ்வழி. கல்வி, நலவாழ்வு, உணவு ஆகிய மூன்றையும் குறிக்கும் ஸ்பானிய மொழிச் சொற்களைச் சுருக்கிப் 'புரோகிரேசா' எனப் பெயரிடப்பட்ட அத்திட்டம் 1997 ஆகஸ்டில் தொடங்கப் பெற்றது. 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 26 இலட்சம் கிராமக் குடும்பங்கள் அதன்கீழ் வந்தன.

அதன் அமைப்பில் மூன்று கூறுகள் நம் கருத்துக்கு உரியவை.

முதலாவது, வகுப்பு உயர உயரத் தொகையும் உயர்ந்தது. 1998ஆம் ஆண்டின் பிற்பாதியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மாதம் 70 பெசோ; ஆறாம் வகுப்புக்கு 135 பெசோ; அதற்கு அடுத்த இடைநிலைப் பள்ளியில் 200 பெசோவுக்கு மேல். பிள்ளையின் கூலி வயதோடு வளர்கிறது என்னும் உண்மையை உணர்ந்து வகுத்த கணக்கு இது.

இரண்டாவது, இடைநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகளைவிட மிகுதியான தொகை வழங்கப்பட்டது. அப்பள்ளியின் மூன்றாம் ஆண்டில் ஆணுக்கு 220 பெசோ எனின் பெண்ணுக்கு 255 பெசோ. பெண்கள் முன்னதாகவே நின்றுவிடுகின்றனர் என்பதே காரணம்.

மூன்றாவது, பணம் இரு திங்களுக்கு ஒருமுறை தாயின் கையில் கொடுக்கப்பட்டது. பிள்ளை நூற்றுக்கு 85 நாளேனும் பள்ளிக்கு வந்திருத்தல் வேண்டும். ஆசிரியர் அதற்குச் சான்று தருதல் வேண்டும். குடும்பத்தார் மருத்துவ நிலையத்திற்குக் குறித்த காலங்களில் சென்று வருதலும் வேண்டும். இவ்வாறு கிடைத்த தொகை, சராசரியாக ஒரு குடும்பத்தின் செலவில் ஐந்தில் ஒரு பங்கு அளவினதாக இருந்தது. இது பெயரளவிலான உதவியன்று என்பதை நினைவிற் கொள்க.

கண்ட பயன்

அரசுகள் தம் திட்டங்களைத் தாமே புகழ்ந்து கொள்வது வழக்கம். மெக்சிகோ அரசோ தொடக்கத்திலேயே ஒரு சோதனைக்கு இடமளித்தது. ஏழு மாநிலங்களில் 506 சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் குலுக்கல் முறையில் எடுத்த 320 ஊர்களில் 1998இல் திட்டம் தொடங்கியது. எஞ்சிய 186 ஊர்கள் 1999இன் இறுதி வரை காத்திருந்தன. எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணம் போதாமையால் நேர்ந்த காத்திருப்பை ஆய்வுக்குப் பயன்படுத்திக் கொண்டனர். பணம் பெற்ற ஊர்களையும் பெறாத ஊர்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டதால், விளைந்த மாற்றம் திட்டத்தால் விளைந்ததே என்று துணிந்து கூற முடிந்தது.

அவ்வாய்வில் தெரிந்தவை இவை. ஆரம்பப் பள்ளியில் மாற்றம் சிறிதே. ஏனெனில் அங்கு நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் முன்னரே பயின்று வந்தனர். இடைநிலைப் பள்ளியிலோ மாற்றம் பெரிது. முன்பு நூற்றுக்கு 67 பெண்கள் சேர்ந்திருந்த நிலையில், ஏழு முதல் ஒன்பது பேர் வரை கூடினர். ஆண்கள் 73 பேராக இருந்த நிலையில், மூன்றரை முதல் ஆறு பேர் வரை கூடினர். ஆரம்பப் பள்ளியை முடித்து அடுத்த பள்ளிக்குள் காலெடுத்து வைக்கும் அந்த ஒரு படியில்தான் ஏற்றம் மிகுதி. பிள்ளைகள் கூலி வேலைக்குச் செல்வதும் குறைந்தது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை தெளிவானது. 1997க்கு முன்பும் அத்தாய்மார் அதே தாய்மார்தாம். ஒரே ஆண்டில் அவர்கள் உள்ளத்தில் கல்வியார்வம் புதிதாகப் பிறந்துவிடவில்லை. தடையாக இருந்தது கூலியிழப்பு. அது ஓரளவு நீங்கியதும் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். ஏழைகளின் அறியாமையே காரணம் என்னும் பழிக்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டுவதில்லை.

பயன் குறுகிய காலத்தோடு நின்றுவிடவும் இல்லை. இளம் வயதிலேயே இத்திட்டத்தின்கீழ் வந்தோர் வளர்ந்தபின், 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பை வைத்து ஆராய்ந்தபோது, அவர்கள் மிகுதியான ஆண்டுகள் படித்திருந்தமை புலனாயிற்று. குறிப்பாகப் பெண்கள் வீட்டுக்கு வெளியே ஊதியம் பெறும் பணிகளில் மிகுதியாகச் சேர்ந்திருந்தனர்.

2000இல் ஆட்சி வேறொரு கட்சிக்கு மாறியது. முந்தைய ஆட்சியின் திட்டங்களைத் தூக்கியெறிவது அந்நாட்டின் வழக்கமாக இருந்தும், இத்திட்டம் பிழைத்தது. ஆய்வின் சான்று அதற்குத் துணை நின்றது. 2002இல் 'ஓப்போர்த்துனிதாதெஸ்' எனவும் 2014இல் 'புரோஸ்பெரா' எனவும் பெயர் மாறி, நகரங்களுக்கும் மேனிலை வகுப்புகளுக்கும் விரிந்து, அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை அது எட்டியது. 2019இல் புதிய அரசு அதனை நிறுத்தி வேறு உதவித்தொகைத் திட்டங்களைக் கொண்டுவந்தது. இருபது ஆண்டுகள் வேரூன்றிய உரிமையும் ஓர் ஆணையால் மறைதல் கூடும் என்பதும் நாம் கற்க வேண்டிய பாடமே.

காணாத பயன்

இனி, மறுபக்கத்தையும் மறைக்காது கூறுதல் கடமை.

திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மாணவர்களுக்குத் தேர்வு வைத்துப் பார்த்தபோது, பணம் பெற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் பெறாத ஊர்ப் பிள்ளைகளுக்கும் கல்வித் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பிள்ளைகள் வந்தனர், அமர்ந்தனர், கற்றது மிகுந்ததா என்றால் சான்று இல்லை. அச்சிற்றூர்களின் இடைநிலைப் பள்ளிகள் பல, ஓரிரு ஆசிரியர்களையும் தொலைக்காட்சிப் பாடங்களையும் நம்பி நடந்தவை. பணத்தைத் தாயின் கையில் கொடுத்த அரசு, பள்ளியின் உள்ளே நடப்பதை அதே விரைவில் திருத்தவில்லை.

சுமை முழுவதும் தாய்மார் மேல் விழுந்தது என்பது மற்றொரு குறை. கூட்டங்களுக்குச் செல்வதும், மருத்துவ நிலையத்தில் காத்திருப்பதும், சில இடங்களில் ஊர்ப் பொதுப்பணி என்ற பெயரில் கூலியின்றித் துப்புரவு செய்வதும் அவர்களுக்கே உரியவாயின. வராத ஆசிரியருக்கும் மருந்தில்லாத மருத்துவ நிலையத்துக்கும் தண்டனை இல்லை. வராத பிள்ளையின் தாய்க்கு மட்டும் பணம் நின்றது. பரோடா ஒப்பந்தத்தில் நாம் கண்ட குறை இங்கும் தலைகாட்டுவதைப் பாருங்கள்.

பிரேசிலும் வங்கதேசமும்

மெக்சிகோவுக்கு முன்னரே, 1995இல், பிரேசில் நாட்டின் கம்பினாஸ் நகரிலும் தலைநகர்ப் பகுதியிலும் இவ்வகைத் திட்டங்கள் முளைத்திருந்தன. தலைநகர்ப் பகுதியின் ஆளுநராக இருந்த பேராசிரியர் கிறிஸ்டோவம் புவார்க்கே, பிள்ளைகள் அனைவரையும் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பத்துக்குக் குறைந்தபட்ச மாதக்கூலி அளவிலான தொகையை வழங்கினார். 'போல்சா எஸ்கோலா' எனப்பட்ட அது 2001இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. 2003இல் குடியரசுத் தலைவர் லூலா பல உதவிகளை ஒன்றாக இணைத்துப் 'போல்சா ஃபமிலியா' என்னும் பெருந்திட்டமாக்கினார். 2021இல் பெயர் மாறி, 2023இல் பழைய பெயரோடு அது மீண்டது. அடிமை முறை 1888இல்தான் ஒழிந்த அந்நாட்டில், இத்தொகையைப் பெற்ற குடும்பங்களில் பெரும்பாலானவை கறுப்பின, கலப்பினக் குடும்பங்களே. பிறப்பின் பேரால் வறுமையைச் சுமத்திய சமூகங்களில் இவ்வுதவி எவரைச் சென்றடைகிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நம் அண்டை நாடாகிய வங்கதேசம் 1994இல், கிராமப்புற இடைநிலைப் பள்ளிகளில் பயிலும் பெண்களுக்கு உதவித்தொகைத் திட்டத்தை நாடளாவிய அளவில் தொடங்கியது. மூன்று நிபந்தனைகள்: நூற்றுக்கு 75 நாள் வருகை, தேர்வில் நூற்றுக்கு 45 மதிப்பெண், பள்ளியிறுதித் தேர்வு வரை மணமாகாதிருத்தல். பணம் அப்பெண்ணின் பெயரிலேயே வங்கியில் செலுத்தப்பட்டது. வேறு காரணங்களும் துணைசெய்ய, சில ஆண்டுகளில் இடைநிலைப் பள்ளிகளில் பெண்களின் தொகை ஆண்களின் தொகையை மிஞ்சியது. ஆனால் நிலமற்ற பரம ஏழைகளின் பெண்கள் ஆறாம் வகுப்புக்கே வந்து சேராமையால், இத்தொகையின் பயன் அவர்களைக் குறைவாகவே எட்டியது. ஏணியின் நடுப்படியில் வைத்த உதவி, முதற்படியே ஏறாதவரைச் சேராது.

நிபந்தனை வேண்டுமா?

பிள்ளையை அனுப்பினால்தான் பணம் என்பது ஏழையை அவமதிப்பதாகாதா என்று சிலர் வினவுவர். நியாயமான வினா. இதற்கும் ஆய்வுகள் விடை தேடியுள்ளன.

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் சோம்பா மாவட்டத்தில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் மணமாகாத இளம்பெண்களின் குடும்பங்கள் இரு பிரிவாக்கப்பட்டன. ஒரு பிரிவுக்குப் பள்ளி வருகை என்னும் நிபந்தனையோடு பணம். மறுபிரிவுக்கு நிபந்தனை இன்றிப் பணம். பள்ளியில் நிலைத்திருப்பதிலும் ஆங்கிலத் தேர்ச்சியிலும் நிபந்தனைப் பிரிவே முன்னின்றது. ஆயின், இளவயதுத் திருமணமும் கருவுறுதலும் நிபந்தனையற்ற பிரிவிலேயே குறைந்தன. பள்ளியைவிட்டு நின்ற பெண்ணுக்கும் அங்கே பணம் தொடர்ந்தது. ஆகவே அவளை மணமுடித்து அனுப்பும் நெருக்கடி வீட்டாருக்குக் குறைந்தது. நிபந்தனைப் பிரிவிலோ, நின்றவள் அனைத்தையும் இழந்தாள். மிகவும் துன்புற்றவளையே நிபந்தனை கைவிடுகிறது என்பதை இங்கே கண்டோம்.

மொராக்கோ நாட்டில் 2008இல் தொடங்கிய சோதனையில், இது பிள்ளைகளின் கல்விக்கான பணம் என்று அறிவித்து மட்டும் கொடுத்தனர். சில ஊர்களில் வருகை நிபந்தனையையும் சேர்த்தனர். அறிவித்துக் கொடுத்ததே போதுமானதாயிற்று. நிபந்தனையால் கூடுதல் பயன் விளையவில்லை. கல்வியில் அரசு அக்கறை கொண்டுள்ளது என்னும் செய்தியே பெற்றோரை ஊக்கியது.

கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில் நடந்த சோதனை நமக்கு மிகவும் பயன்படத்தக்கது. மாதத்தொகையில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கையின்போது மொத்தமாகக் கொடுத்தனர். வருகை குறையவில்லை, மறு ஆண்டில் மீண்டும் சேர்ந்தோர் தொகை கூடியது. பள்ளி திறக்கும் திங்களில்தான் ஏழை வீட்டுக்குப் பணமுடை மிகுதி. அந்நாளில் கைக்கு வரும் நூறு ரூபாய், ஆறு திங்கள் கழித்து வரும் ஐந்நூறு ரூபாயினும் பெரிது. அதே நகரில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தொகை கிடைக்க, கிடைக்காத உடன்பிறந்தாளின் படிப்பு பின்தங்கியது. ஆகவே, ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும்போது அவ்வீட்டின் மற்றப் பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டில்

நம் நாட்டில் ஒடுக்கப்பட்ட மாணவருக்கான பள்ளியிறுதிக்குப் பிந்தைய உதவித்தொகை, அண்ணல் அம்பேத்கர் அவர்கள் வைசிராய் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல் தொடங்கியது. நம்மவருள் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை உருவாக்கியது அத்தொகையே. அதன் வரவில் நேர்ந்த காலதாமதங்களையும், தொகை வருமுன் கட்டணம் கேட்டு வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாணவர்களின் கண்ணீரையும் நம் பெரியவர்கள் அறிவர்.

அரியானா மாநிலம் 1994இல், தாழ்த்தப்பட்ட மற்றும் ஏழைக் குடும்பத்துப் பெண் குழந்தைகளின் பெயரில் பத்திரத்தில் பணம் முதலீடு செய்தது. பதினெட்டு வயதுவரை மணமாகாதிருந்தால் 25,000 ரூபாய் கிடைக்கும். பெண்கள் சற்றுக் கூடுதலாகப் படித்தனர். ஆனால் பணம் வந்ததும் பலர் அதனைத் திருமணச் செலவுக்கே பயன்படுத்தினர். பதினெட்டு வயதை எல்லையாகக் காட்டினால், மக்கள் அவ்வெல்லையிலேயே நின்றுவிடுவர்.

தமிழகத்தில் 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், மணப்பெண் குறித்த வகுப்புவரை படித்திருத்தல் வேண்டும் என்று விதித்தது. படிப்புக்கு அது துணையே எனினும், பணம் திருமணத்தோடு பிணைந்திருந்தது. அத்திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் 'புதுமைப் பெண்' எனப் புத்துருப் பெற்று, அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற பெண்கள் உயர்கல்வி பயிலும் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தும் திட்டமாயிற்று. 2024 ஆகஸ்டில் ஆண் மாணவருக்கும் 'தமிழ்ப் புதல்வன்' எனும் பெயரில் அது விரிந்தது. மணமேடைக்கு என வைத்த பணம் கல்லூரி வாயிலுக்கு இடம் மாறியது வரவேற்கத்தக்க திருப்பம். ஆயினும் வங்கதேசம் தந்த எச்சரிக்கை இங்கும் பொருந்தும். உயர்கல்வியில் சேராத பிள்ளைக்கு இத்தொகை எட்டாத உயரத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் உதிரும் இடம் எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவே அல்லவா?

நம் கடமை

இவ்வரலாற்றினின்று நம் இளைஞர்களும் சங்க உறுப்பினர்களும் கொள்ளத்தக்கவை சில.

பிள்ளைகள் நிற்கும் படியை அறிதல் முதற் கடமை. ஒவ்வொரு தெருவிலும் ஐந்தாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் முடித்த பிள்ளைகளின் பெயர்களை மே திங்களில் எழுதி, ஜூன் திங்களில் அவர்கள் எங்கே சேர்ந்தனர் என்று வீடுவீடாகக் கேட்டறிதல் வேண்டும். சேராத பிள்ளையின் வீட்டில் அறிவுரை கூறுமுன், அவ்வீட்டின் கூலிக் கணக்கைக் கேளுங்கள்.

உரிய தொகையை உரிய நாளில் பெற்றுத் தருதல் இரண்டாவது கடமை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் இல்லாமையால் உரிமையை இழந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். படித்த இளைஞர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால் பத்து விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம். அரசின் பணம் காலந்தாழ்ந்து வருமிடத்து, சங்கத்தின் சிறு நிதி ஜூன் திங்களில் முன்பணமாக உதவுதல் நன்று.

மூன்றாவது கடமையே தலையாயது. நிபந்தனையின் மறுபக்கத்தைக் கேட்டல் வேண்டும். பிள்ளை நூற்றுக்கு 85 நாள் வரவேண்டும் எனின், ஆசிரியரும் நூற்றுக்கு 85 நாள் வந்தாரா? வந்த பிள்ளை வகுப்பில் எங்கே அமர்த்தப்பட்டது? பெயர் சொல்லி அழைக்கப்பட்டதா, சாதி சொல்லி அழைக்கப்பட்டதா? கழிப்பறையைக் கழுவும் வேலை நம் பிள்ளைகளுக்கு மட்டும் இடப்பட்டதா? எழுதப் படிக்கக் கற்றதா? இவ்வினாக்களைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கும் துணிவே, உதவித்தொகையைக் கல்வியாக மாற்றும். மெக்சிகோவின் மலைநாட்டுத் தாய்மார் தம் பங்கை நிறைவேற்றினர். அவர்கள் பிள்ளைகள் வந்து அமர்ந்தனர். பள்ளி தன் பங்கை நிறைவேற்றிய அளவிலேயே கற்றனர்.

நிறைவுரை

பணம் பிள்ளையைப் பள்ளி வாயில்வரை கொண்டு சேர்க்கும். இதில் இனி ஐயமில்லை. பிள்ளைக்குத் தரும் பணத்தைப் பிச்சை என்று எவரேனும் இகழ்ந்தால், அது பிச்சையன்று, அப்பிள்ளை துறந்துவரும் கூலிக்கு ஈடு என்று நம் இளைஞர்கள் நிமிர்ந்து நின்று கூறலாம். வாயிலைக் கடந்தபின் அப்பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பும் அறிவும் வேறொரு கணக்கைச் சேர்ந்தவை.

பரோடாவில் அண்ணல் அவர்கள் தம் ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. தம் பக்கத்துக் கடமையை நிறைவேற்றவே அவர் அந்நகருக்குத் திரும்பினார்; அவருக்கு ஓர் அறை தர மறுத்த சமூகமே அதனை முறித்தது. இன்று நம் தெருவிலிருந்து புத்தகப் பையோடு புறப்படும் ஒவ்வொரு பிள்ளையும் அவ்வாறே தன் கடமையைச் செய்யப் புறப்படுகிறது. மறுதரப்பின் கடமையை ஏட்டில் எழுத வைப்பதும், எழுதியதை நடத்த வைப்பதும் நம் பொறுப்பு. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆற்ற வேண்டிய பணி இதுவே.